அந்த ஒரு கட்டம்

2025 அக்டோபர் மாதம், ஒரு சாயங்காலம். பொத்தேரி ஸ்டேஷனில் இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் வந்தேன். உங்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் அங்கே இறங்குகிற கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு முதுகில் பை, காதில் பாட்டு. எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு கை என்னைப் பார்த்து ஆட்டியது.

என் நண்பரின் மகன். பெயர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது போகப் போகப் புரியும்.

"அங்கிள், உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும். நீங்கதான் பி.காம். ஆச்சே!"

பி.காம். படித்தவனுக்கு இந்த ஊரில் இருக்கும் மரியாதை அவ்வளவுதான். இன்கம்டாக்ஸ் ஃபார்ம், பேங்க் லோன், சீட்டுக் கம்பெனி நல்லதா கெட்டதா... எதுவானாலும் நம்மிடம் வந்துவிடுவார்கள். டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். பையிலிருந்து நாலாக மடித்த ஒரு ஃபார்மை எடுத்தான். ஹெல்த் இன்ஷூரன்ஸ் விண்ணப்பம்.

விஷயம் இதுதான். பையனுக்கு நவம்பரில் 25 வயது முடிகிறது. அப்பா மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். அந்தக் கம்பெனி பாலிசியில் பிள்ளைகளுக்கு 25 வயது வரைதான் இடம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் பிள்ளைகளுக்கு இதே கதைதான். வேலை கிடைக்கும் வரை, கல்யாணம் ஆகும் வரை, அல்லது 25 வயது வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. அதற்கும் இவர்கள் வீட்டு வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் 2010-ல் கொண்டுவந்த சட்டப்படி, அப்பா அம்மா பாலிசியில் பிள்ளைகள் 26 வயது ஆகும் வரை இருக்கலாம். அங்கேயும் ஒருநாள் இறக்கிவிட்டுத்தான் ஆகவேண்டும். ஒரே ஒரு ஸ்டேஷன் தள்ளி!

பையன் எம்.சி.ஏ. முடித்துவிட்டான். வேலையும் கிடைத்துவிட்டது. ஆனால் கான்ட்ராக்ட். மாதம் 25,000 ரூபாய், கையோடு சரி. இன்ஷூரன்ஸ் எல்லாம் கிடையாது. இ.எஸ்.ஐ. வருமா என்றால், 2017 ஜனவரியில் அதன் சம்பள வரம்பை 15,000-லிருந்து 21,000 ஆக்கினார்கள். இவன் அதைத் தாண்டி நிற்கிறான். ஏழைக்கான வாசலுக்கு உயரம் அதிகம், பெரிய கம்பெனி வாசலுக்கு உயரம் போதவில்லை. நடுவில் நிற்கிற பையன்.

"5 லட்சத்துக்கு வருஷம் ஏழாயிரத்துச் சொச்சம் சொல்றாங்க அங்கிள். போன மாசத்திலேர்ந்து ஜி.எஸ்.டி.யும் கிடையாதாம்."

உண்மைதான். தனிநபர் ஹெல்த் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவிகித வரியை 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்துவிட்டார்கள். "ஜி.எஸ்.டி. ரோட்டுல உக்காந்துகிட்டு ஜி.எஸ்.டி. இல்லைன்னு சொல்றியா?" என்று ஒரு மொக்கை ஜோக் அடித்தேன். பையன் சிரிக்கவில்லை. ஃபார்மில் ஓர் இடத்தில் விரலை வைத்தான்.

'கீழ்க்கண்ட நோய்கள் உங்களுக்கு எப்போதாவது இருந்ததுண்டா?' கீழே ஒரு பட்டியல். பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள். அதில் ஒன்று, வலிப்பு.

எனக்குத் தெரியும். பையனுக்கு 17 வயதில் முதல் தடவை ஃபிட்ஸ் வந்தது. அப்புறம் இரண்டு முறை. கடைசியாக வந்தது 19 வயதில். அதனால் படிப்பில் ஒரு வருடம் போனது. தினமும் ராத்திரி ஒரு மாத்திரை. ஐந்து வருடமாக ஒன்றுமே இல்லை. ஆனாலும் பைக் ஓட்ட மாட்டான், எங்கே போனாலும் ட்ரெயின்தான். வைத்தியம் பார்த்ததெல்லாம் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில். எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. அதாவது, இந்த விஷயம் வீட்டு பீரோவில் இருக்கும் ஒரு ஓ.பி. நோட்டைத் தவிர வேறெங்கும் இல்லை.

"ஏஜென்ட் 'இல்லை'ன்னு எழுதச் சொல்றார். அம்மாவும் அதான் சொல்றாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல. நான் என்ன எழுதட்டும்?"

டீ ஆறிப்போனது.

உங்களிடம் மறைப்பானேன்? எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவன் ஃபார்ம் இல்லை, என்னுடையது. கல்லூரி முடித்து ஓரிரு வருடம் ஆகியிருந்த நேரம். உறவினர் ஒருவர் ஏஜென்ட். மார்ச் மாதக் கடைசி, அவருக்கு டார்கெட். ஒரு லைஃப் பாலிசி ஃபார்மைக் கொண்டுவந்து, "கையெழுத்து மட்டும் போடுடா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்ற கேள்விக்கு அவரே 'இல்லை' என்று எழுதினார். எங்கள் அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார், காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு! நான் கையெழுத்துப் போட்டேன்.

இத்தனைக்கும் இன்ஷூரன்ஸில் 'உச்சபட்ச நம்பிக்கை' என்கிற கொள்கையை பரீட்சையில் எழுதி இரண்டு மார்க் வாங்கியவன் நான். 'உபெரிமே ஃபிடே' என்று லத்தீனில் சொல்வார் எங்கள் பேராசிரியர். இரண்டு மார்க் வாங்கியதோடு அந்த நம்பிக்கை முடிந்தது.

சரி, பையன் விஷயத்துக்கு வருவோம். ஏஜென்ட் சொன்னதில் சட்டமும் இருந்தது. "தொடர்ந்து அஞ்சு வருஷம் பிரீமியம் கட்டிட்டா, அப்புறம் நீ ஏன் சொல்லலைன்னு கேக்கவே முடியாது தம்பி." பாதி உண்மை. முன்பு எட்டு வருடமாக இருந்த இந்தக் காலத்தை 2024-ல் ஐந்து வருடமாகக் குறைத்தார்கள். ஆனால் அந்த விதியிலேயே ஒரு வால் இருக்கிறது. மோசடி என்று நிரூபித்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அந்த வாலை ஏஜென்ட் சொல்லவில்லை.

கோர்ட்டுக்குப் போனவர்கள் கதையும் இருக்கிறது. சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் இருந்ததைச் சொல்லாமல் மெடிக்ளெய்ம் எடுத்த ஒருவர் இறந்துபோனார். மனைவி வழக்கு நடத்தினார். கம்பெனி பணம் தரவேண்டியதில்லை என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இன்னொருவர், தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லியே பாலிசி எடுத்துக்கொண்டு அமெரிக்கா போனார். சான்ஃபிரான்சிஸ்கோவில் இறங்கியதும் மாரடைப்பு. கொழுப்பு மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லையே என்று கம்பெனி கையை விரித்தது. சர்க்கரை என்று தெரிந்துதானே பாலிசி கொடுத்தீர்கள், பணத்தைக் கொடுங்கள் என்று 2021 டிசம்பரில் அதே கோர்ட் சொன்னது.

இதையெல்லாம் சொல்லி, "மாட்டிக்குவே தம்பி, உண்மையை எழுது" என்று எழுந்திருக்கலாம். ஆனால் மாட்டிக்கொள்வோம் என்கிற பயத்தில் சொல்லும் உண்மை என்ன உண்மை? நாளைக்கு மாட்டவே மாட்டோம் என்று தெரிந்தால் பொய் சொல்லலாமா? பையன் கேட்டது அதைத்தான். "யாருக்கும் தெரியாது அங்கிள். அதுதான் கஷ்டமா இருக்கு."

வீட்டுக்குக் கூட்டிப் போனான். அவன் அம்மா அந்தத் தெருவில் சீட்டு நடத்துகிறவர். மாதம் இரண்டாயிரம், 20 பேர். ஒரு நாள் தவறாது. எனக்கு ஒரு யோசனை வந்தது.

"ஏம்மா, உங்க சீட்டுல ஒருத்தர் தன் கடனை எல்லாம் மறைச்சுச் சேர்ந்து, முதல் மாசமே ஏலம் எடுத்துட்டு ஓடிட்டா என்ன ஆகும்? மத்த 19 பேர்தானே தலையில துண்டு போட்டுக்கணும்? இன்ஷூரன்ஸும் ஒரு சீட்டுதாம்மா. என்ன, இதுல நம்ம முறை வராம இருக்கணும்னு சாமி கும்பிடுவோம். அவ்வளவுதான் வித்தியாசம்."

நல்ல உதாரணம் சொல்லிவிட்ட திருப்தியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் அடுக்களையிலிருந்தே பதில் சொன்னார்.

"அண்ணா, என் சீட்டுல சேர வர்றவங்ககிட்ட பணம் கட்டுவியான்னுதான் கேப்பேன். உனக்கு எப்ப கஷ்டம் வரும்னு கேக்க மாட்டேன். கஷ்டம் வர்ற மாதிரி இருக்கறவங்களைச் சேத்துக்க மாட்டேன்னு சொன்னா, அதுக்குப் பேரு சீட்டா? வசதியா இருக்கறவங்க மட்டும் சேந்து யாருக்குக் குடுக்கப் போறாங்க?"

பி.காம். படித்தவன் வாயடைத்துப்போனேன்.

அவர் பயம் அதோடு நிற்கவில்லை. "ஒரு தடவை பேப்பர்ல எழுதிட்டா அது எங்கெங்க போகும்னு யாருக்குத் தெரியும்? நாளைக்குக் கல்யாணம் பண்ணணும்." இதை மூடநம்பிக்கை என்று தள்ள முடியவில்லை. இந்து திருமணச் சட்டத்திலேயே, மணமக்களுக்கு வலிப்பு இருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருந்தது. அந்த வார்த்தையை 1999-ல்தான் எடுத்தார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்தாயிற்று. தெருவிலிருந்து எடுத்தாயிற்றா?

ராத்திரி கடைசிவரை இதே யோசனை. அப்போதுதான் ஒன்று உறைத்தது.

இந்தப் பையனிடம் இதுவரை யாருமே இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை! அப்பாவின் கம்பெனி பாலிசியில் சேர்த்தபோது பெயரும் பிறந்த தேதியும்தான் கேட்டார்கள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போட்டபோது பெயர், வயது, ஊர். இ.எஸ்.ஐ. கிடைத்திருந்தால் அங்கேயும், 'உனக்கு ஏற்கெனவே வியாதி உண்டா, அப்படியானால் சேர்க்க மாட்டோம்' என்று சொல்லியிருக்க மாட்டார்கள். காலேஜை விட்டு வெளியே வந்து, முதன்முதலாகத் தனியாக நிற்கும்போதுதான் அந்தக் கட்டம் அவன் முன்னால் வருகிறது.

ஏன்? கணக்கு எளிது. ஒரு கம்பெனியில் எல்லாரும் சேர்ந்தே ஆகவேண்டும் என்றால், நோயாளியும் இருப்பான், நோயில்லாதவனும் இருப்பான். பானையில் எல்லாரும் அரிசி போடுகிறார்கள், பசித்தவன் சாப்பிடுகிறான். இஷ்டப்பட்டவர்கள் மட்டும் சேரலாம் என்றால், பசிக்கிறவன்தான் முதலில் ஓடிவருவான். 'எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன், வீணாப் பணம் கட்டுவானேன்' என்று 24 வயசுக்காரர்கள் எல்லாம் விலகிப் போய்விடுவார்கள். பானை காலி. அதனால்தான் வாசலில் ஒருவரை நிறுத்தி, 'உனக்குப் பசி வருமா?' என்று கேட்கிறார்கள். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-ல் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டைக் கட்டாயமாக்கினார். நம் நாட்டில் இ.எஸ்.ஐ. சட்டம் 1948-ல் வந்து, 1952-ல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியபோதும் அதே கட்டாயம்தான். கட்டாயம் என்பது கேட்கக் கசப்பான வார்த்தை. ஆனால் அந்தக் கட்டத்தை அழிக்கும் ரப்பர் அதுதான்.

ஆக, ஃபார்மில் பொய் எழுதுகிற பையனும், 'எனக்கு ஒண்ணும் வராது' என்று பாலிசியே எடுக்காமல் போகிற அவன் சிநேகிதனும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ஒருவன் பானையில் போடாமல் போகிறான், ஒருவன் மறைத்துவிட்டு எடுக்கப் பார்க்கிறான். முதல்வனை நாம் குற்றம் சொல்வதில்லை. கெட்டிக்காரன் என்கிறோம்!

'உச்சபட்ச நம்பிக்கை' என்று சொன்னேனே, அந்தக் கொள்கை பிறந்த வழக்கும் வேடிக்கையானது. சுமத்ரா தீவில் வெள்ளைக்காரர்களின் மார்ல்பரோ கோட்டை. எதிரி பிடித்துவிட்டால் நஷ்டஈடு என்று அதன் கவர்னர் லண்டனில் இன்ஷூரன்ஸ் எடுத்துவைத்தார். 1760-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். கோட்டை பலவீனமானது என்று சொல்லாமல் மறைத்தார், பணம் தர மாட்டேன் என்றார் இன்ஷூரன்ஸ் கொடுத்தவர். 1766-ல் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு, இரண்டு தரப்பும் ஒன்றுக்கொன்று உண்மையாக இருக்கவேண்டும் என்றார். இதைத்தான் நாங்கள் பரீட்சையில் எழுதினோம். ஆனால் அந்த வழக்கில் ஜெயித்தது யார் தெரியுமா? கவர்னர்! தானாகத் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய விஷயத்தைக் கேட்காமல் விட்டு, பிரீமியத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, ஆபத்து வந்தபிறகு 'சொல்லவில்லையே' என்று சொல்லக்கூடாது என்பதும் அந்தத் தீர்ப்புதான். அந்தப் பாதியை எங்கள் நோட்ஸில் எழுதவில்லை.

அப்படியானால் அந்த அம்மா சொன்னது சரியா? பாதி சரி. உண்மை சொன்னவனை வெளியே தள்ளுகிற வாசல், உண்மையை எதிர்பார்க்கும் தகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது. அது அந்த வாசலின் பிரச்னை. ஆனால் பையன் என்ன எழுதவேண்டும் என்பது பையனின் பிரச்னை.

மறுநாள் அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"தம்பி, நீ 'இல்லை'ன்னு எழுதிட்டேன்னு வெச்சுக்கோ. ரெண்டு வருஷம் கழிச்சு, தாம்பரம் பிளாட்பாரத்துல ஃபிட்ஸ் வந்து விழுந்துட்டே. மண்டையில அடி. ஆஸ்பத்திரியில டாக்டர் கேக்கறார், 'எப்படி விழுந்தே? இதுக்கு முன்னாடி வந்திருக்கா?' என்ன சொல்லுவே?"

பையன் யோசித்தான். "வழுக்கி விழுந்தேன்னு சொல்லணும்... ஏன்னா அவங்க கேஸ் ஷீட்டைக் கேப்பாங்க."

"ராத்திரி சாப்பிடற மாத்திரை?"

பதில் இல்லை.

இதுதான் விஷயம். கம்பெனியிடம் சொல்கிற பொய் கம்பெனியோடு நிற்பதில்லை. அதைக் காப்பாற்ற டாக்டரிடம் பொய் சொல்லவேண்டும். டாக்டரிடம் சொல்கிற பொய்க்கு உடம்பு பதில் சொல்லவேண்டும். உயிரைக் காப்பாற்றத்தான் பாலிசி. அந்தப் பாலிசியைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைப்பதா?

இன்னொன்றும் உண்டு. இவன் மறைத்தால் நஷ்டம் கம்பெனி முதலாளிக்கு இல்லை. இதே வலிப்போடு, 'ஆம்' என்று எழுதிவிட்டு நிற்கிற இன்னொரு பையனுக்கு. மறைக்கிறவர்கள் சேரச் சேர, கம்பெனி எல்லாரையும் திருடனாகப் பார்க்கும். டிஸ்சார்ஜ் ஆன பெரியவர், பில் கவுன்டரில் அப்ரூவலுக்காகக் காத்துக் கிடப்பதில் அந்தச் சந்தேகத்துக்கும் பங்கு இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024-ல் விதி போடவேண்டிய அளவுக்குப் போனது விஷயம்.

பையன் 'ஆம்' என்று எழுதினான். உண்மைக்கு உடனே பரிசு கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை. இரண்டு வாரத்தில் 'உங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை' என்று பதில் வந்தது. அம்மா என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

அப்புறம்தான் அப்பா முதல்முறையாக வாய் திறந்தார். தன் கம்பெனி ஹெச்.ஆரிடம் போய் விசாரித்தார். அங்கே கிடைத்த தகவல் பலருக்குத் தெரியாதது, குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி குரூப் பாலிசியிலிருந்து வெளியே வருகிற பிள்ளை, அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனி பாலிசிக்கு மாறிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். குரூப்பில் இருந்த வருடங்களைக் காத்திருப்புக் காலத்தில் கழித்துக்கொள்வார்கள். பழைய நோய்களுக்கான அந்தக் காத்திருப்பு, 2024 முதல் அதிகபட்சம் மூன்று வருடம். பழையது முடிவதற்குள், முடிந்தால் ஒன்றரை மாதம் முன்பே கேட்கவேண்டும். முடிந்துவிட்டால் கழிவு போச்சு. ஆனால் இங்கேயும் உடல்நிலையைக் கேட்பார்கள், பிரீமியத்தைக் கூட்டுவார்கள்.

கேட்டார்கள். அந்தக் கட்டம் மறுபடியும் வந்தது. ஒருமுறை உண்மை எழுதி அடி வாங்கியவன், இரண்டாவது முறையும் 'ஆம்' என்று எழுதினான். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. முதல் தடவை எழுத வைத்ததில் என் பேச்சுக்கும் பங்கு இருந்திருக்கலாம். இரண்டாவது முழுக்க அவனுடையது.

பாலிசி வந்தது. ஏழாயிரத்துச் சொச்சம், ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. அந்த இரண்டாயிரம் நியாயமா? நியாயமில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். அவன் கேட்டு வாங்கிய வியாதி இல்லையே அது. எல்லாரும் ஒரே பானையில் போடும் நாள் வரை, உண்மை பேசும் நோயாளிகள் அந்த இரண்டாயிரத்தைக் கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். அதனால் இதைப் படிக்கிற, கல்லு மாதிரி இருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிரீமியம் வீணாகப் போனால் சந்தோஷப்படுங்கள். அது வீணாகவும் போகவில்லை, பக்கத்து பெட்டில் இருப்பவருக்குப் போயிருக்கிறது.

போன வாரம் அதே டீக்கடையில் பையனைப் பார்த்தேன். பாலிசி கார்டை பர்ஸில் வைத்திருந்தான். அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டு. 'எனக்கு வலிப்பு உண்டு. வந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்க வேண்டாம். இந்த நம்பருக்குப் பேசுங்கள்' என்று எழுதி, அம்மாவின் செல் நம்பர்.

"யார் எழுதினது, கையெழுத்து அழகா இருக்கே?" என்று கேட்டேன்.

"அம்மாதான் அங்கிள். சீட்டு நோட்டு எழுதற கையாச்சே!" என்றான்.